ஒரு கப்பலுக்கு ஒரு தலைவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை எவ்வளவு, உப்பைக் குறைத்தாயா, எந்த டாக்டர் கைராசிக்காரர். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு நான் அரசியல் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

போன வாரம் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தேசத்துச் சண்டையைக் காட்டினார்கள். அந்த நாட்டு ஜனாதிபதி இன்னொரு தடவை நிற்கலாமா கூடாதா, அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்று கோட்டுப் போட்டவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "இது உங்களுக்குப் புரியாது அத்தை, வேற மாத்தவா?" என்றாள் என் மருமகள். "வை அப்படியே. நான் ஒரு நாட்டுக்கு ரெண்டு தடவை பிரசிடெண்டா இருந்தவ" என்றேன். அவள் என் பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்து, காலையில் போட்டேனா என்று பார்த்தாள்.

நான் சொன்னது சத்தியம். அந்த நாடு பினாங்கில் குயின் தெருவுக்குப் பின்னால் இருந்தது. மூன்று வீட்டுக்குப் பொதுவான ஒரு கொல்லை, அவ்வளவுதான் நிலப்பரப்பு. வடக்கே சீனர் காப்பிக்கடையின் அடுப்படிச் சுவர், தெற்கே தையற்கடைக்காரர் வீடு, நடுவில் நாங்கள். ஒரு தண்ணீர்ப் பைப்பு, ஒரு ஜம்பு மரம், மரத்தடியில் ஒரு சக்கரம் இல்லாத ரிக்‌ஷா. காப்பிக்கடைக்குப் பின்னால் குடியிருந்த ரிக்‌ஷாக்காரர் புது வண்டி வாங்கிய பிறகு பழையதை அங்கேயே விட்டுவிட்டார். அதன் இருக்கையில் தேங்காய் நார் பிதுங்கும். உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாயும். மழை பெய்தால் மட்கின தோல் வாசனை வரும். அந்த வாசனை இன்றைக்கு எங்கேயாவது வந்தால் நான் முதுகை நிமிர்த்திக்கொள்வேன், ஏனென்றால் அதுதான் எங்கள் சிம்மாசனம்.

குடிமக்கள் மொத்தம் ஐந்து பேர். என் அண்ணன், நான், தையற்கடைக்காரரின் மகன்களான பெரிய தையற்காரன், சின்னத் தையற்காரன், காப்பிக்கடை முதலாளி தவுக்கேயின் மகள். அவளுக்குத் தமிழ் பாதி தெரியும், மீதியை மலாயில் இட்டு நிரப்புவாள். அண்ணன்தான் மூத்தவன், ஆகவே அவன்தான் ராஜா. எப்போது விளையாடினாலும் அவன்தான் ராஜா. நாங்கள் குதிரை, சேவகன், எதிரி, பிணம் என்று மாறி மாறி வருவோம். சின்னத் தையற்காரனுக்குப் பிணமாகக் கிடந்தே முதுகில் வேர்க்குரு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் காப்பிக்கடைச் சுவரில் ஒரு படம் வந்து மாட்டிக்கொண்டது. கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, மீசை, கண்ணாடிச் சட்டம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து ராஜா படம் இருக்கும், அவருக்குக் கிரீடம் உண்டு. இவருக்கு ஒன்றும் இல்லை. ரொட்டி வாங்கப் போன அண்ணன், "தவுக்கே, இது யாரு, ராஜாவா?" என்று கேட்டான். தவுக்கே காப்பியை உயர்த்தி ஆற்றிக்கொண்டே மலாயில் சொன்னார்: "புக்கான் ராஜா. பிரசிடெண்ட். ராஜா சம்பாய் மாத்தி. இனி திடா." ராஜா என்றால் சாகும்வரை, இவர் சீனாவின் தலைவர், அப்படியில்லை, காலம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று விளக்கமும் சொன்னார்.

மலாயில் 'இனி' என்றால் 'இவர்'. அது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பெரிய தையற்காரன் அன்றைக்கு அதைத் தமிழாகவே கேட்டான். கொல்லைக்கு ஓடிவந்து, "தவுக்கேயே சொல்லிட்டாரு! இனி ராஜா கிடையாது! இனி பிரசிடெண்டுதான்!" என்று கத்தினான். சின்னவன் பிணமாகக் கிடந்த இடத்திலிருந்து எழுந்து குதித்தான்.

அப்பா ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. அவர் காதில் இது விழுந்தபோது முகம் வெளுத்துவிட்டது. "அந்த வார்த்தையைச் சத்தமா சொல்லாதீங்க. மாத்தா மாத்தா வந்து என்னைப் பிடிச்சிட்டுப் போவான்" என்றார். மாத்தா மாத்தா என்றால் போலீஸ். வெள்ளைக்கார ராஜாங்கத்தில் ராஜா வேண்டாம் என்று கொல்லையில் கூட்டம் போட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஆகவே நாங்கள் மெதுவான குரலில் சட்டம் போட்டோம்.

முதலில் காலம். எவ்வளவு நாள் ஒருவர் ஆளுவது? எங்களிடம் கடிகாரம் இல்லை, காலண்டரை அப்பா தொடவிடமாட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு நாகப்பட்டினத்துக் கப்பல்தான். அது வரும்போது ஊதும் சங்கு குயின் தெரு முழுக்கக் கேட்கும். கடைத்தெருவே துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பும். ஆகவே ஒரு கப்பலுக்கு ஒரு தலைவர். அடுத்த சங்கு ஊதினால் இறங்கிவிட வேண்டும். ஆசைப்பட்டால் இன்னொரு கப்பல் ஆளலாம், அதற்கு மேல் ஆயுளுக்கும் கிடையாது.

அடுத்தது சம்பளம். சந்து முனையில் ஐஸ் உருண்டை விற்பவர் வருவார். துருவிய ஐஸைக் கையால் உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தருவார். யார் வாங்கினாலும் முதல் உறிஞ்சல் தலைவருக்கு. முதல் உறிஞ்சலில்தான் பாகு முழுக்க வாய்க்குள் போகும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜம்பு மரத்தில் முதலில் பழுப்பதும் தலைவருக்கே. "பைப்படியில வாளி தூக்குறதுல இருந்தும் விடுதலை வேணும்" என்று அண்ணன் இடையில் புகுந்தான். பெரிய தையற்காரன் விடவில்லை.

"இப்பவே பேசிக்க. உட்கார்ந்தப்புறம் கேக்கக்கூடாது. துணியை வெட்டினப்புறம் கூலி ஏத்தக்கூடாதுன்னு எங்கத்தா சொல்வாங்க."

"குறைக்கலாமா?" என்றேன் நான்.

"குறைக்கவும் கூடாது. வெட்டினா வெட்டினதுதான்."

வேறு சந்துக்காரன் கொடுக்கும் கோலிக்குண்டைத் தலைவர் வாங்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டோம். எதிர்ச் சந்துப் பையன்கள் எதையும் கொடுத்துவிட்டு எங்கள் பைப்படியில் வந்து குளிப்பார்கள் என்ற அனுபவம் எங்களுக்கு இருந்தது. இன்றைக்குப் பெரிய பெரிய நாட்டுச் சட்டத்திலும் இதே சங்கதிதான் இருக்கிறதாம். பிறகு எதற்கு அந்தக் கோட்டும் மேசையும்!

கடைசியில் தகுதி. யார் தலைவராகலாம்? பால் பல் ஒன்றாவது விழுந்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் சின்னத் தையற்காரன் ஆடிக்கொண்டிருந்த பல்லை அங்கேயே நின்று பிடுங்கி, ரத்தமும் சிரிப்புமாகக் காட்டினான். இரண்டாவது, இங்கே ஒரு தைப்பூசமாவது பார்த்திருக்க வேண்டும். காப்பிக்கடை மகள் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகத் தண்ணீர்ப்பந்தல் பானகம் குடித்தவள், ஆகவே அவளும் தேறினாள். மூன்றாவது தகுதியை அண்ணனே சொல்லி, கரித்துண்டால் காப்பிக்கடைச் சுவரில் எழுதினான்: 'ஊரில் பிறந்தவரே தலைவர்.'

எல்லோரும் கை தட்டினோம். பிறகு யார் யார் தகுதி என்று கேட்டதும் ஐந்து கையும் மேலே போயின. காப்பிக்கடை மகள், "சாயா போலே?", நானும் ஆகலாமா என்று என்னைக் கேட்டாள். ஆகும், உன்னாலும் ஆகும் என்றேன்.

"எல்லாரும் கையை இறக்குங்க" என்றான் அண்ணன். "ஊருன்னா எது? அப்பா ஊருக்குக் கடுதாசி போடுறாரே, எங்கே போடுறாரு? பினாங்குக்கா?"

நம் வீடுகளில் ஊர் என்றால் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஆள் வந்திருக்கு, ஊர்ப் புளி, ஊருக்குப் பணம். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஐவரில் அங்கே பிறந்து, அம்மா மடியில் கப்பலேறி வந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவன் ஏறி உட்கார்ந்தான். ரிக்‌ஷா வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்தது. ராஜா போய்ப் பிரசிடெண்டு வந்தாயிற்று, ஆள் மட்டும் அதே ஆள். என்னை மாதிரி ஏமாந்தவள் பினாங்கிலேயே கிடையாது என்று எனக்கு அழுகை வந்தது.

அழுகைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மா வயிற்றில் பிள்ளை இருந்தது. எனக்குப் பிறகு இங்கே பிறந்த ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்ததால், "இந்த மண்ணு பிள்ளைக்கு ஆகலை, இந்தப் பிரசவம் ஊருலதான்" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். வரப்போகிற கப்பல் சிங்கப்பூர் வரை போய்த் திரும்பும்போது அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொள்ளும். அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அவன் அப்பாவோடு இருப்பான். போகிறவள் எப்போது திரும்புவேன் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ரிக்‌ஷாவில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

சட்டத்தை உடைக்க முடியாது, வார்த்தையை உடைக்கலாமே என்று தோன்றியது. பெரியவர்களிடம் போய் ஊர் என்றால் எது என்று கேட்க ஆரம்பித்தேன். தையற்கடைக்காரர் வாயில் குண்டூசியோடு கடல் பக்கம் கையைக் காட்டினார். தவுக்கேயைக் கேட்டால் அவரும் கடல் பக்கமே காட்டினார். ரிக்‌ஷாக்காரர் எந்தத் திசை என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவரும் கடலைக் காட்டினார். பினாங்கைச் சுற்றிலும் கடல்தான், எப்படிக் காட்டினாலும் தப்பாது. ஆனால் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அம்மா பைப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டேன்.

"என்னையா கேக்குறே? அங்கே ஒரு குடம் தண்ணிக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். பைப்பைத் திருகினா எங்கே தண்ணி வருதோ, அதுதான்டி ஊரு."

"அப்ப நாம ஏம்மா கப்பலேறணும்?"

"உங்கப்பா கணக்குப் போட்டு வச்சிருக்காரு. பிள்ளை பிறக்க இன்னும் ரெண்டு மூணு கப்பல் தாங்குமாம்." சொல்லிவிட்டு அரிசியைப் பார்த்துச் சிரித்தாள். கிட்டங்கியில் ஒரு மூட்டை தவறினாலும் கண்டுபிடிக்கிற கிராணிக்கு அம்மா மாதக் கணக்கைக் குறைத்துச் சொல்லியிருந்தாள் என்பது எனக்கு என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் உறைத்தது. தெருவில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை, மகராசிகள். ஊர் பற்றி அம்மா சொன்னதை அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, கடுதாசி போடுகிற அப்பா வாயால் வர வேண்டுமாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் சங்கு ஊதியது. நாங்கள் நாலு பேரும் ரிக்‌ஷாவைச் சூழ்ந்துகொண்டோம். "இறங்கு, இறங்கு, கப்பல் வந்திருச்சு!"

அண்ணன் இறங்கவில்லை. "கப்பல் எங்கே வந்திச்சு? ஆளுங்களை ஜெரஜா தீவுல இறக்கி வச்சிருக்கான். அம்மையிருக்கா, காய்ச்சலிருக்கான்னு பார்த்துத்தான் விடுவான். ஆளு கரையேறினாத்தான் கப்பல் வந்ததா கணக்கு."

கடல் கடந்து வந்த கூட்டத்தைக் கொஞ்ச நாள் அந்தத் தீவில் ஒதுக்கி வைப்பது அப்போது வழக்கம்தான். சின்னவன், "சங்குன்னுதானே பேசினோம்?" என்றான். காப்பிக்கடை மகள் கோபத்தில் மூன்று பாஷையிலும் திட்டினாள். அண்ணன் ரிக்‌ஷாவின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "கப்பல் வரலை. கப்பல் வரவே இல்லை" என்று சொன்னதையே சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. பதவி ஆசை என்றுதான் நான் நினைத்தேன். கப்பல் வந்துவிட்டால் அம்மா போய்விடுவாள் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது இவ்வளவு காலம் கழித்து இப்போது தெரிகிறது.

சண்டை தீரவில்லை. தீவில் இருந்த ஆட்கள் கரையேறுவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு ஆள் கரையேறப் பார்த்துவிட்டது. ஒரு காலை, அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன?" என்றார் அப்பா. "அதுதான்" என்றாள் அம்மா. "அது எப்படி? இன்னும் நாளிருக்கே!" என்றார் அப்பா, ஏதோ சரக்கு தப்பான கிட்டங்கிக்கு வந்துவிட்டது போல. தையற்கடைக்காரர் மனைவி அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். காப்பிக்கடை மகள் ஓடிப்போய் மலாய் மருத்துவச்சியை அழைத்துவந்தாள். அந்த அம்மாளும் வாசலிலேயே காத்திருந்தவள் மாதிரி உடனே வந்துவிட்டாள்.

எங்களைக் கொல்லைக்கு விரட்டினார்கள். அண்ணன் ரிக்‌ஷாவில் ஏறிக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. பைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் கொல்லைக்கு வந்தார், நின்றார், நடந்தார், ஜம்பு மரத்தில் முட்டிக்கொண்டார். தவுக்கே ஒரு கோப்பைக் காப்பியை அவர் கையில் கொடுத்தார். அது பாதிக்கு மேல் அவர் வேட்டியில்தான் சிந்தியது.

வெயில் சுவரில் ஏறியபோது அழுகைச் சத்தம் கேட்டது. என்ன அழுகை! கப்பல் சங்கு தோற்றது. மருத்துவச்சி ஜன்னல் வழியே தலை நீட்டி, ஆண் பிள்ளை என்றும், தாயும் பிள்ளையும் சுகம் என்றும் சொன்னாள். அப்பா காப்பிக் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தையற்கடைக்காரர் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "என்ன கிராணியாரே, பிரசவம் ஊருலதான்னு சொன்னீங்களே?" என்று கேலி செய்தார்.

அப்பா கொல்லையே அதிரச் சிரித்தார். "ஊருலதான் பிறந்திருக்கான்! இது ஊரு இல்லாம வேற என்ன? அவன் போடுற சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

அப்பா வாயிலிருந்து வந்துவிட்டது. "அண்ணே, கேட்டியா! அப்பா சொல்லிட்டாரு! இதுதான் ஊரு!" என்று கத்தினேன். சுவரில் கரியில் எழுதியிருந்ததை மற்ற மூவரும் கை நீட்டிக் காட்டினார்கள்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். உள்ளே அம்மா யாரிடமோ தண்ணீர் கேட்கும் குரல் வந்தது. அவள் இனி எங்கேயும் போகப் போவதில்லை. அவன் தானாகவே இறங்கி, இருக்கையில் பிதுங்கிய நாரை உள்ளே தள்ளிச் சரிசெய்தான்.

"சரி. கப்பல் வந்திருச்சு. ஏறு தங்கச்சி" என்றான்.

அன்றைக்கு நான் உட்கார்ந்த உட்காரலை இன்றைக்கும் என் இடுப்பு மறக்கவில்லை. முதல் சம்பளமாக நாலு ஐஸ் உருண்டைகளின் முதல் உறிஞ்சல் கிடைத்தது, நாக்கு சிவந்து மூளை விறைத்தது. ஆனால் புதிய கணக்குப்படி பார்த்தால் ஊரில் பிறக்காதவன் அண்ணன் ஒருவன்தான். அவன் பைப்படியில் போய் முதுகைக் காட்டி நின்றான். எனக்குத் தாங்கவில்லை. நாக்குச் சிவப்பு மாறுவதற்குள் என் முதல் சட்டத்தைப் போட்டேன்: ரிக்‌ஷாவின் மேல் கையை வைத்து 'இது என் ஊர்' என்று சொல்கிற யாரும் தலைவராகலாம், எங்கே பிறந்திருந்தாலும் சரி.

எல்லோரும் வரிசையாக வந்து சொன்னார்கள். காப்பிக்கடை மகள் மூன்று பாஷையிலும் சொன்னாள். அண்ணன் மட்டும் வரவில்லை. "எனக்கு ஊரு அங்கே இருக்கு. பொய் சொல்லிப் பதவி வேணாம்" என்றான். ரோஷக்காரன். அவனைப் பைப்பு மந்திரியாக்கினேன். வாளி தூக்கியே அந்தப் பதவியை வகித்தான்.

இரண்டு கப்பல் ஆண்டேன். இரண்டாவது சங்கு ஊதியபோது அடுத்த நொடியே இறங்கினேன் என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் ஜெரஜா தீவைப் பற்றி யோசித்தேன். காப்பிக்கடை மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்ததும் இறங்கிவிட்டேன். அவள் ஏறினாள், பிறகு பெரியவன், பிறகு பல் பிடுங்கின சின்னவன். தம்பிக்குப் பால் பல் விழுவதற்குள் பழைய இரும்புக்காரர் ரிக்‌ஷாவைக் கொண்டுபோய்விட்டார். நாடும் அதோடு போயிற்று.

அண்ணன் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் முதல் முறையாகப் பிறந்த இடத்தைப் பார்க்கப் போனான். வாழ்நாள் முழுக்கப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் விமானத்தில் போனான். போன மறுவாரம் அங்கிருந்து போன் போட்டான். கோயில் நன்றாக இருக்கிறதாம், சொந்தக்காரர்கள் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்களாம், காப்பிதான் சரியில்லையாம். பேச்சு முடியும்போது, "எப்படா ஊருக்கு வருவோம்னு இருக்கு தங்கச்சி" என்றான்.

"எந்த ஊருக்கு அண்ணே?" என்றேன்.

மறுமுனையில் அவன் சிரிக்க ஆரம்பித்தான், சிரித்துச் சிரித்து இருமினான். நானும் இங்கே பினாங்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். மருமகள் மறுபடியும் மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

"சீக்கிரம் வாண்ணே" என்றேன். "உனக்கு இன்னும் ஒரு கப்பல் பாக்கி இருக்கு."